கடைசி வரிசை இல்லாத வகுப்பு

பிரிக்பீல்ட்ஸ்
28 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாவுக்கட்டுக்குள்ளே அரிக்கிறது என்று நீ அழுததாகப் பக்கத்து வீட்டு ரமணியக்கா சொன்னார். அவரிடம் ஒரு நீள ஸ்கேல் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உள்ளே விட்டு மெதுவாகச் சொறிந்துகொள்.

முதலில் கெட்ட செய்தி. இங்கே கடைசி வரிசை இல்லை. வரிசையே இல்லை. ஒரு நீள மேசை, அதைச் சுற்றிப் பதினொரு நாற்காலி. அதில் ஒன்று அமுதவள்ளிக்கு. ஆசிரியரும் அதே மேசையில்தான் உட்காருகிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம் என்னைப் பார்க்கிறது.

அம்மா சொன்னதை நம்பித்தான் வந்தேன். "எங்க பேக்டரியில தெரேசா வரலன்னா நான்தான் அவ கார்ட பஞ்ச் பண்ணுவேன். பதினெட்டு வருசமா ஒருத்தனும் கேட்டதில்ல. நீயும் அக்கா பேருல போயி ஒரு மூலையில உக்காந்துட்டு வா, அவ்ளோதான்." உன் கைப்பேசியால் சுவரில் இருக்கும் க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்ததும் 'அமுதவள்ளி வந்துவிட்டார்' என்று பச்சையாகத் தெரிகிறது. அதுவரைக்கும் அம்மா சொன்ன மாதிரியேதான். அதற்குப் பிறகு ஆசிரியர் திரும்பி, "அமுதா, நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்கிறார். பஞ்ச் கார்டை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

நான் ஒன்றும் நினைக்கவில்லை என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பள்ளியை விட்ட வருஷம், படிவம் மூன்றில், நான் வாசிக்க எழுந்து நின்றபோது சிரித்தார்களே, அந்த மாதிரிச் சிரிப்பு இல்லை. ஆனாலும் முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

திங்கட்கிழமை நட்சத்திரங்கள், செவ்வாய்க்கிழமை தத்துவம், புதன்கிழமை ஹாஜிரா மிஸ். எல்லாரும் எல்லாவற்றையும் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். பாதி ஆங்கிலம், பாதி மலாய். எனக்கு அதில் பாதி புரிகிறது. காதில் விழுந்ததையெல்லாம் நோட்டில் எழுதி அனுப்புகிறேன். பேசிக்கொண்டபடி கட்டுரைகளை நீ எழுதி அனுப்பு, நான் தட்டச்சு செய்து கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் ஹாஜிரா மிஸ் புதன்தோறும் வகுப்பிலேயே ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார். கையால். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துப் பருவம் முழுக்க அதைப் பற்றியே எழுத வேண்டும். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம், அவருக்கு நான்கு மொழி வாசிக்கத் தெரியும். அதை நீ எழுதித் தர முடியாது. நான் என்ன செய்யட்டும்?

அம்மாவின் போனில் கூப்பிட்டால் அம்மா பக்கத்திலேயே நின்று கேட்கிறார். இருக்கும் இன்னொரு போன் என் கையில் இருக்கிறது. அதனால் ரமணியக்கா வேலைக்கு வரும்போது அவரிடமே பதிலைக் கொடுத்துவிடு. அவர் வேலை செய்யும் துணிக்கடை என் விடுதியிலிருந்து ஐந்து கடை தள்ளித்தான்.

மலர்


கிள்ளான்
3 மார்ச் 2025

மலர்,

ஸ்கேல் வந்தது. உயிர் கொடுத்தாய்.

உன் பயத்தைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நீயாவது பதினொரு முகத்தைப் பார்க்கிறாய். நான் பார்ப்பது கூரையில் உள்ள ஈரக் கறையை மட்டும். அம்மா விடிவதற்கு முன்னால் தெலுக் பங்லிமா காராங் போகும் பேக்டரி வேனைப் பிடித்தால் இரவு எட்டுக்குத்தான் வருகிறார். லிப்ட் இன்னும் ஓடவில்லை. நான் அரிசி மூட்டையோடு ஏழாவது மாடிப் படியில் உருண்டதற்கு முந்தின வாரம் மாட்டிய, பழுது என்று சொல்லும் 'ரோசாக்' அட்டை அப்படியே தொங்குகிறதாம். ஒரு காலோடு ஒன்பது மாடி யார் இறங்குவது?

ஒரு வேடிக்கை கேள். ரமணியக்காவைத் தவிர பிளாக்கில் எல்லாருக்கும், கால் உடைந்தது உனக்குத்தான். நான் கல்லூரியில் இருக்கிறேன். நேற்று இரண்டாவது மாடி சுகுமாறன் அங்கிள் ஏறி வந்து கதவுக்கு வெளியே நின்று, "மலரு, கால் எப்படிம்மா? அக்கா ஒழுங்கா காலேஜ் போவுதா? சங்கத்து உதவிப் பணத்துல படிக்குது, நம்ம பேரக் காப்பாத்தச் சொல்லு" என்றார். சங்கத்துச் செயலாளர் அல்லவா, விசாரிக்காமல் இருப்பாரா. நான் உன்னைப்போல வாய்க்குள்ளேயே முனகி, "சரி அங்கிள்" என்றேன். நீ பதினேழு வருஷமாகத் தலையைக் குனிந்தே நடந்தது இப்போது எவ்வளவு வசதியாக இருக்கிறது பார். உன் முகமும் தெரியாது, குரலும் தெரியாது. ஆகவே நீ சனி ஞாயிறில்கூட இந்தப் பக்கம் வராதே. கால் உடைந்தவள் படியேறி வந்தால் கதை கந்தலாகிவிடும்.

கல்லூரியில் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஒடம்பு முடியலன்னு எம்.சி. லீவு கேட்டா பேர எடுத்துருவானுங்க. நான் பாக்காததா?" என்று முடித்துவிட்டார். சங்கத்தின் விதியும் உனக்குத் தெரியும். நூற்றுக்கு எண்பது வருகை இல்லையென்றால் உதவி நின்றுவிடும். இந்த ஒரு பருவம்தான். பொறுத்துக்கொள்.

அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் நீயே எழுது. சுமாராக எழுது. பெயர் வாங்காதே.

அமுதா

நட்சத்திர வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று நிறைய எழுது. நான் ஆசைப்பட்டுச் சேர்ந்தது அதற்குத்தான்.


பிரிக்பீல்ட்ஸ்
14 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நட்சத்திரக் குறிப்புகள் தனியாக ஆறு பக்கம் இருக்கின்றன. படங்களை என்னால் சரியாக வரைய முடியவில்லை.

இங்கே நடைபாதையில் கண் தெரியாதவர்களுக்காக மேடு மேடாக மஞ்சள் கல் பதித்திருக்கிறார்கள். நான் விடுதியிலிருந்து கல்லூரிவரை அதைப் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறேன். நிமிரவே வேண்டாம். நேற்று தடியோடு எதிரே வந்த ஒரு பெரியவர்மேல் மோதிவிட்டேன். "கண்ணு தெரியுதுதானேம்மா ஒனக்கு? அப்ப எதுக்கு எங்க பாதையில வர்ற?" என்றார். திட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். நான் மஞ்சள் கல்லை விட்டு விலகி நின்றேன்.

ஹாஜிரா மிஸ்ஸுக்கு நோன்பு. நாங்கள் தண்ணீர் பாட்டிலை மறைத்தால், "குடிங்கலா, நான்தானே நோன்பு, நீங்களா?" என்கிறார். பக்கத்து நாற்காலி யுகேந்திரன் தினமும் என்னிடம் பேனா வாங்குகிறான், திருப்பித் தருவதே இல்லை. "அமுதா ஒரு பேனா பேக்டரி" என்கிறான். அவனிடம் நான் இதுவரை நான்கு வார்த்தை பேசியிருப்பேன்.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் இடமாக நம் பிளாக் லிப்டை எடுத்துக்கொண்டேன். வேறு எந்த இடமும் எனக்குத் தெரியாது. லிப்ட் ஓடியபோது யாரையும் பார்க்காமல் ஒன்பது மாடி ஏறிவிடலாம். அது நின்ற பிறகு ஒவ்வொரு மாடியையும் நடந்து கடக்க வேண்டியிருந்தது. எந்த வீட்டில் நெத்திலி பொரிக்கிறார்கள், எந்த வீட்டுப் பிள்ளை மலாய்ப் பாடத்தை அழுதுகொண்டே வாசிக்கிறது என்று எனக்குத் தெரிந்ததே அப்போதுதான். ஐந்தாவது மாடிவரை அதை எழுதினேன். கடைசியில், அதே லிப்டால் கால் உடைந்த என் தங்கை ஒன்பதாவது மாடியில் அடைபட்டுக் கிடக்கிறாள் என்றும் எழுதினேன். தங்கை என்றுதான் எழுதினேன், பயப்படாதே.

மிஸ் அதை வகுப்பில் வாசித்து, மொழிபெயர்த்தும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் அஞ்சாவது மாடிக்கு மேல என்ன இருக்குன்னு எழுதுங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மலர்


கிள்ளான்
17 மார்ச் 2025

மலர்,

சுமாராக எழுது என்று சொன்னேனா இல்லையா?

நான் இங்கே ஒரு வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அம்மா வரும்வரை அதுதான் எனக்குக் கழிப்பறை. நீ அதைப் பக்கமாக எழுதி, என் பெயரைப் போட்டு, பாராட்டு வாங்கிக்கொண்டு, சந்தோஷமாக இருந்தது என்று எனக்கே எழுதுகிறாய்.

கொஞ்சம் யோசி. நான் திரும்பி வந்து அந்த மேசையில் உட்காரும்போது அந்த மிஸ், "அஞ்சாவது மாடிக்கு மேல?" என்று என்னைத்தானே கேட்பார்? எனக்கு நெத்திலி வாசனை தெரியாது. நான் படியில் பாட்டு கேட்டுக்கொண்டு ஏறியவள். உலகத்தில் இல்லாத ஒருத்தியை நீ அங்கே செய்துகொண்டிருக்கிறாய், நாளைக்கு அவளாக நான் நடிக்க வேண்டும்.

பேசாதே. எழுதினால் மட்டமாக எழுது. ஒன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தாயே, அதை இப்போது செய்.

அமுதா


பிரிக்பீல்ட்ஸ்
20 மார்ச் 2025

அக்கா,

சரி.

மலர்


பிரிக்பீல்ட்ஸ்
11 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாக ரமணியக்கா கட்டுரையை மட்டும்தான் கொண்டுவருகிறார், கடிதம் இல்லை. நோன்புப் பெருநாள் விடுமுறையில் விடுதி காலியாக இருந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் அறையில் இருந்தேன். காவலாளி அங்கிள் கேட்டதற்கு வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றேன். இப்போது எனக்குப் பொய் சட்டென்று வருகிறது.

நீ சொன்னபடி பேசாமல் இருந்தேன். நம்பு. ஒரு புதன்கிழமை, 'லிப்ட் இரும்பால் ஆனது' என்று ஆரம்பித்து மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். மிஸ் வாசித்துவிட்டு, "ஒடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்டார். அடுத்த புதன் என்னால் மட்டமாக எழுத முடியவில்லை, அக்கா. கையை எவ்வளவு இழுத்துப் பிடித்தும் அது எழுதிக்கொண்டே போனது. மன்னித்துக்கொள்.

இதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. நீ எழுதிய கட்டுரைக்கு சி வந்திருக்கிறது. நீ வகுப்பில் இல்லாமல் என் குறிப்புகளை மட்டும் வைத்து எழுதியது, அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மிஸ் அதையும் என் புதன்கிழமைப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அமுதா, இது ரெண்டையும் ஒரே ஆளு எழுதுன மாதிரி தெரியலயே" என்றார். நான் மேசையைப் பார்த்தேன். இங்கே ஒளிந்துகொள்ள மேசையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இந்த அறையில் நிலைக்கண்ணாடி ஒன்று இருக்கிறது. காலையில் அதன் முன்னால் உன் பெயரை ஐந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போகிறேன். யாராவது அமுதா என்று கூப்பிட்டால் உடனே திரும்ப வேண்டுமே. போன வாரம் ரமணியக்கா தெருவில் மலர் என்று கூப்பிட்டார். நான் திரும்பவில்லை.

மலர்


கிள்ளான்
22 ஏப்ரல் 2025

மலர்,

கட்டு பிரித்தாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக ரமணியக்காவும் அம்மாவும் என்னை நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. நான் முகத்தில் சால்வையைப் போட்டுக்கொண்டேன். "மலருக்கு ரொம்ப வெக்கம்" என்று அம்மா எல்லாரிடமும் சொன்னார். கால் குச்சியாக இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை நடக்கிறேன்.

சி வாங்கியதற்கு ஒரு நாள் முழுக்க அழுதேன். அதை விடு. அதைவிட மோசமானது வந்திருக்கிறது.

நேற்று சுகுமாறன் அங்கிள் கதவுக்கு வெளியே நின்று, "மே பதினாலு அக்கா காலேஜ்ல பத்து நிமிசம் பேசுதாம்லா! லெட்டர் வந்திருக்கு. உதவி குடுக்குற சங்கத்து ஆளுங்கள முன்னால உக்கார வெக்கிறாங்களாம். நான் கண்டிப்பா போவேன், கோட்டு தைக்கக் குடுத்துருக்கேன்" என்றார்.

புரிகிறதா? அங்கிள் என்னைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறார். அவருக்கு நான்தான் அமுதா. அந்த மேசையில் இருக்கும் பத்துப் பேருக்கும் மிஸ்ஸுக்கும் நீதான் அமுதா. என்னை அங்கே ஒருவரும் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. நீ எழுந்து நின்றால் அங்கிள் கேட்பார், இது யார் என்று. நான் எழுந்து நின்றால் வகுப்பே கேட்கும். என் கல்லூரியில் நான் போய் நின்றால் நான்தான் போலி.

இருவருமே போகாவிட்டால், பருவக் கடைசியில் எல்லாரும் பேச வேண்டிய அந்தப் பேச்சுக்குப் பூஜ்யம், பாடத்தில் தோல்வி, உதவியும் நின்றுவிடும். அம்மாவிடம் சொன்னேன். "கார்டுல மூஞ்சி இருக்கும்னு நான் நெனக்கலயேடி" என்று சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அமுதா


கிள்ளான்
4 மே 2025

மலர்,

பத்து நாளாக யோசித்தேன். படுத்திருப்பவளுக்கு வேறு என்ன வேலை. முடிவு இதுதான். நீ பையைக் கட்டிக்கொண்டு வந்துவிடு. யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். அமுதவள்ளி படிப்பைப் பாதியில் விட்டுவிட்டாள் என்று போகட்டும். சங்கத்தில் நான்கு நாள் பேசுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். அம்மா தன் பேக்டரியிலேயே எனக்குச் சொல்லிவைப்பதாகச் சொல்கிறார்.

நீ செய்தது போதும். இது என் முடிவு. நீ எதையும் செய்யாதே.

நட்சத்திரக் குறிப்புகளை மட்டும் எடுத்து வா.

அமுதா


பிரிக்பீல்ட்ஸ்
8 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நான் சரி என்பேன், நீ பேக்டரிக்குப் போவாய். ஆறு பக்க நட்சத்திரக் குறிப்புக்கு நீ கட்டுரையோடு பன்னிரண்டு கேள்வி எழுதி அனுப்பினாயே. அதில் ஒன்றுக்கு ஆசிரியராலேயே உடனே பதில் சொல்ல முடியவில்லை. அப்படிப்பட்டவளை வேன் ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வாயால் சொல்ல முடியாது என்று தெரியும். அதனால் நேற்று புதன்கிழமைப் பக்கத்தில் எழுதினேன். மேலே பெயர் எழுதும் கோட்டில் 'மலர்' என்று எழுதினேன். அதை எழுதத்தான் நேரமாயிற்று. மற்றதெல்லாம் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.

மிஸ் எல்லாரையும் அனுப்பிவிட்டு என்னை மட்டும் இருக்கச் சொன்னார்.

"இது கதையாம்மா?"

"இல்ல மிஸ்."

"அக்காவுக்கு நெசமாவே கால் ஒடஞ்சிருந்துச்சா?"

"ஆமா மிஸ். ஆஸ்பத்திரி கடுதாசி இருக்கு."

மிஸ் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். ஒரே பக்கம். மருத்துவ விடுப்புக்கான விண்ணப்பப் பாரம். "ஒரு பருவம் தள்ளி வெச்சிக்கலாம். டாக்டர் கடிதம் ஒன்னு போதும், சங்கத்துக்கு நாங்களே எழுதுவோம். போன வருசம்கூட ரெண்டு பேருக்குக் குடுத்தோம். இதக் கேக்கணும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையா?"

"எம்.சி. கேட்டா பேர எடுத்துருவாங்கன்னு அம்மா சொன்னாங்க மிஸ்."

மிஸ் பாரத்தை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "பேர நீங்களேதான்மா எடுத்துட்டீங்க" என்றார்.

அவருக்குக் கோபம்தான். என்னோடு பதிவாளர் அறைக்கு வந்தபோது என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அங்கே எனக்குக் குரல் வராதபோது நான் எழுதிய பக்கத்தை எடுத்து அவரே வாசித்தார். முடிவு நாளை சொல்வார்களாம். சுகுமாறன் அங்கிளிடமும் மிஸ்ஸே பேசுகிறார். நீ கதவைத் திறந்து வைத்துக்கொள்.

பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து நீதான் போட வேண்டும். அதை மட்டும் என்னால் போட முடியாது.

மலர்


கிள்ளான்
11 மே 2025

மலர்,

உன் கடிதத்தை வாசித்ததும் உன்னை அடிக்க வேண்டும் என்று இருந்தது. அதற்குள் அங்கிள் வந்துவிட்டார்.

கதவு திறந்திருந்தது. உள்ளே வந்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியில் விழுந்தார். "ஒன்பது மாடி ஏறி வந்தேன், நல்லா திட்டணும்னு. மூச்சு வாங்குனதுல பாதி மறந்துபோச்சு. தண்ணி குடு." கொடுத்தேன். குடித்ததும் அந்தப் பாதி ஞாபகம் வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் திட்டினார். "மூனு மாசமா கதவுக்கு வெளிய நின்னு நான் யாருகிட்டடி பேசிக்கிட்டு இருந்தேன்? எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஒன்னத் தூக்கிக்கிட்டு எறங்கியிருப்பேன்லா!" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்குத் திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

கல்லூரியிலிருந்து அம்மா போனுக்குச் செய்தி வந்தது. இந்தப் பருவம் எனக்கு இல்லை. எச்சரிக்கைக் கடிதம் உண்டு. செப்டம்பரில் முதலிலிருந்து சேரலாம், சங்கம் ஒப்புக்கொண்டால். சங்கக் கூட்டம் இருபத்தைந்தாம் தேதி. தனக்கு ஒரு ஓட்டுதான் என்று அங்கிள் சொல்லிவிட்டுப் போனார். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. கோட்டு வீணாகிவிட்டதே என்று மட்டும் சொன்னார்.

அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டே, "நா தெரேசாவுக்கு பஞ்ச் பண்ணதயும் யாராச்சும் பாத்திருப்பாங்களோ" என்று கேட்டார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் செப்டம்பரில் வந்தால் உன் பக்கங்களை வாசித்த மிஸ்ஸிடம்தான் உட்கார வேண்டும். பொறாமையாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டேன், போ.

உனக்கு அங்கே என்ன கிடைத்தது என்று அந்தச் செய்தியில் ஒரு வரியும் இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.

அமுதா


பிரிக்பீல்ட்ஸ்
14 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லைதான். பள்ளிக் கடைசித் தேர்வான எஸ்.பி.எம். எழுதாதவளை இங்கே எந்தப் பதிவிலும் சேர்க்க முடியாது. தனித் தேர்வராக அந்தத் தேர்வை எழுது, பாடம் நான் சொல்லித் தருகிறேன் என்று மிஸ் சொன்னார். சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. படிவம் மூன்று ஞாபகம் இன்னும் போகவில்லை.

இன்று கடைசி வகுப்பில் விருந்தாளியாக உட்காரலாம் என்று மிஸ் அனுமதி வாங்கியிருந்தார். வாசலில் எல்லாரும் ஸ்கேன் செய்தார்கள். நான் செய்யவில்லை. அமுதவள்ளி பெயருக்கு நேரே சிவப்பாக 'வரவில்லை' என்று விழுந்தது. பதினொரு வாரத்தில் அது ஒன்றுதான் உண்மை.

நடந்ததை மிஸ் இரண்டு வரியில் அவர்களிடம் சொன்னார். ஒரு பெண் என் பக்கத்தில் இருந்த நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். அது எனக்கு வேண்டியதுதான். பிறகு யுகேந்திரன், "மிஸ், ஒரு சந்தேகம். அப்ப நான் வாங்குன பேனாலாம் யாருகிட்ட திருப்பிக் குடுக்கணும்?" என்றான்.

"என்கிட்ட," என்றேன்.

அவன் பையைக் கவிழ்த்து ஏழு பேனாவை மேசையில் வைத்தான். அதில் நான்குதான் என்னுடையவை.

பத்து நிமிடம் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் நேரம் மிச்சம் இருக்கிறது என்றார் மிஸ். நான் எழுந்து, என் பெயர் மலர் என்றேன். நம் பிளாக் லிப்டைப் பற்றி நான்கு நிமிடம் பேசினேன். நடுவில் இரண்டு இடத்தில் பேச்சு நின்றுவிட்டது. அவர்கள் காத்திருந்தார்கள்.

உன் கைப்பேசியை ரமணியக்காவிடம் கொடுத்துவிட்டேன், இந்தக் கடிதத்தோடு வரும். விடுதி அறையை நாளைக் காலையில் காலி செய்ய வேண்டும். மதியம் கொமுட்டர் ரயிலில் ஏறிவிடுவேன்.

அங்கிளைத் தவிர பிளாக்கில் எல்லாரும் எனக்குக் கால் உடைந்திருப்பதாகத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வரும்போது கொஞ்சம் நொண்டிக்கொண்டு வரச் சொல்லி அம்மா ரமணியக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மாட்டேன் என்று சொல்லிவிடு. ஒன்பது மாடியும் நேராகத்தான் நடந்து வருவேன். கதவைத் திறப்பவர்கள் திறந்து பார்க்கட்டும்.

மலர்